ஆயுதமில்லாத போராட்டத்தை எப்படி நடத்தினார்கள்? வேதாரண்யத்தை வைத்து ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "சத்தியாகிரகம் நடைமுறையில் எப்படி நடந்தது? தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்ட பிறகும் போராட்டம் எப்படித் தொடர்ந்தது? ஆங்கிலேயர் கொஞ்சம் ஈரநெஞ்சக்காரர்கள் என்பதால்தான் அது பலித்ததா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. செத்தவர்கள் 379 பேர் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் ஆயுதமில்லாத கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இவை ஈரநெஞ்சக்காரர்கள் செய்கிற காரியங்கள் அல்ல. போராட்டம் பலித்த இடங்களில் அதற்குக் காரணம் எதிராளியின் இரக்கம் அல்ல, இந்தப் பக்கத்து முன்தயாரிப்பு. தயாரிப்பு இல்லாத இடங்களில் அதே மக்கள், அதே தலைவர்கள் இருந்தும் காரியம் கெட்டது.

சத்தியாகிரகம் என்றதும் தொண்டர்கள் தடியடி வாங்குகிற காட்சிதான் நம் மனத்தில் வருகிறது. அடி வாங்குவது கடைசி நாள் வேலை. எதை எதிர்ப்பது, யாரைச் சேர்ப்பது, எங்கே தங்குவது, யார் சோறு போடுவது, தலைவர் போனால் அடுத்து யார், எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் முன்னதாகவே முடிவு செய்து வைப்பதுதான் தலைமை. இதை, 1930இல் காந்தி நடந்து போய் உப்புச் சட்டத்தை மீறிய தண்டியைவிட, அதே வருடம் ராஜாஜி அதையே செய்த வேதாரண்யத்தை வைத்துச் சொன்னால் நமக்கு நன்றாகப் புரியும். ஊர்களும் வழியும் நாம் அறிந்தவை.

முதலில், ஏன் உப்பு? 1930இல் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா (ரூபாய்க்கு 16 அணா). இது 82 ராத்தல் மணங்கு, ஏறக்குறைய 37 கிலோ. நம் பக்கத்துப் பழைய சிறிய மணங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1930 மார்ச் 2 அன்று வைசிராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வைசிராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. இந்தக் கணக்கில் ஒரு மணங்கு உப்பின் வரியான 20 அணா, சராசரி ஆளின் பத்து நாள் வருமானம். வெயிலில் உடலுழைப்பு செய்கிறவனுக்குத்தான் உப்பு அதிகம் தேவை என்பதால், ஏழைக்குப் பணக்காரனைவிடக் கூடுதலாக விழுகிற வரி இது.

வரியின் சுமை மட்டும் காரணமல்ல. சுமையான வரிகள் வேறும் இருந்தன. உப்புச் சட்டத்தை மீற நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். குனிந்து அள்ளினால் சட்டம் உடைந்தது. பெண்கள் செய்யலாம், வயதானவர்கள் செய்யலாம், முஸ்லிமும் இந்துவும் ஒன்றாகச் செய்யலாம். வரிகொடா இயக்கத்தில் நிலம் உள்ளவனுக்குத்தான் இடம். சட்டசபையைப் புறக்கணிக்க வாக்குரிமை உள்ளவனுக்குத்தான் முடியும். உப்பை அள்ளுவதில் வேறு எந்த இந்தியனின் பிழைப்பும் கெடுவதுமில்லை. அரசாங்கத்துக்கோ இரண்டு வழிகளும் அடைபட்டன. விட்டுவிட்டால் சட்டம் செத்தது. பிடித்தால், ஒரு பிடி உப்புக்காகக் கிழவியைச் சிறையில் போட்ட அரசாங்கம் என்று பெயர். காங்கிரசில் பலருக்கே முதலில் இது பிடிபடவில்லை, நேருவும் திகைத்தார். உப்புப் போராட்டத்தை எண்ணித் தனக்குத் தூக்கம் கெடவில்லை என்று இர்வின் எழுதினார்.

உப்பு எடுக்கும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சில் இது 'ஒரு பிடி உப்பு' என்று சுருங்கிவிட்டது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். அதில் நாம் சாப்பிடும் உப்பு ஏறத்தாழ 27 கிராம்தான். மீதியில் பெரும்பகுதி மக்னீசிய உப்புகள், கசப்பு. கிலோ உப்புக்கு 35, 40 லிட்டர் கடல்நீரை வற்றக் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது? அதனால்தான் உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுப்பார்கள். அதில் ஏற்கெனவே உப்பு செறிந்திருப்பதால் விறகு மிச்சம். கவனம் வேண்டிய இடம் கடைசிக் கட்டம். அடி வரை வற்றவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் கட்டும். உப்பு படிந்ததும் மேலே நிற்கும் கசப்பு நீரைக் கொட்டிவிட வேண்டும். ஊருக்கு ஊர் காங்கிரஸ்காரர்கள் சட்டி வைத்துக் காய்ச்சியதில் பாதிக்கு மேல் சமையலுக்கு உதவாத உப்பாக இருந்திருக்கும். அதனால் போராட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை, சட்டத்தை மீற அந்த உப்பே போதும்.

வேதாரண்யத்தில் இந்தச் சிரமமே கிடையாது. சதுப்பில் உப்பு தானாகவே பூத்துக் கிடக்கும். கண்ணெதிரே தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது, சர்க்கார் உப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற சட்டத்தின் அநியாயத்தை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்படித் தானாக விளைந்த உப்பைச் சர்க்கார் ஆட்கள் மண்ணோடு மிதித்துக் கலந்து கெடுப்பதும் வழக்கம். தண்டியில் காந்தி வருவதற்கு முன்பு அதைத்தான் செய்தார்கள். வேதாரண்யம் தேர்வானதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உள்ளூரில் வேதரத்தினம் பிள்ளை இருந்தார். ஊரில் செல்வாக்கும், உப்புத் தொழில் தெரிந்த குடும்பமும், எல்லாவற்றையும் இழக்கத் துணிந்த மனமும் உடையவர். வெளியூரிலிருந்து போகிற படைக்கு உள்ளூரில் இப்படி ஓர் ஆள் இல்லையென்றால் மூன்றாம் நாள் குடிநீருக்கே திண்டாட வேண்டும்.

தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டார். அன்று தமிழ்ப் புத்தாண்டு. ஜாலியன்வாலா பாக் நாளும் அதுவே. கூட வந்தவர்கள் சுமார் நூறு பேர். தூரம் ஏறக்குறைய 150 மைல். 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். நாளுக்குப் பத்து மைல் என்று வரும். சித்திரை வெயிலில் நூறு பேரை யாரும் விழுந்துவிடாமல் கூட்டிப் போக இதற்கு மேல் வைக்க முடியாது. ராஜாஜிக்கு அப்போது 51 வயது, உடம்பும் நோஞ்சான் உடம்பு.

ஏன் நூறு பேர், ஏன் பத்தாயிரம் பேர் இல்லை? இதில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கூட்டம் பெரிதானால் பலம் என்பது தேர்தல் கணக்கு. சத்தியாகிரகத்தில் முன்வரிசைக்கு வருகிற ஒவ்வொருவரும் அடி விழும்போது கை ஓங்காதவர் என்று தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூறு பேரைத் தெரிந்து வைத்திருக்கலாம். பத்தாயிரம் பேரில் ஒருவன் கல்லெடுத்தால் போதும், மற்ற 9,999 பேரின் தவமும் போச்சு. தண்டிக்கும் காந்தி தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போனவர்கள் 78 பேர்தான்.

இந்தப் பாடம் விலை கொடுத்துக் கற்றது. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட, ஆத்திரமடைந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. 22 போலீஸ்காரர்கள் செத்தார்கள். காந்தி நாடு முழுவதும் நடந்துகொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். சிறையில் இருந்த தலைவர்கள் கொதித்துப் போனார்கள். எங்கோ ஒரு கிராமம் செய்த தவறுக்கு நாடே ஏன் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அன்று நிறுத்தாமல் போயிருந்தால், அடுத்தடுத்த ஊர்களில் அரசாங்கம் நினைத்த இடத்திலெல்லாம் சுடுவதற்குச் சாக்கு கிடைத்திருக்கும். எட்டு வருடம் கழித்து காந்தி செய்த மாற்றத்தைப் பாருங்கள்: முதலில் பொறுக்கியெடுத்த சிறு குழு, நீண்ட நடை, மெதுவாகச் சூடேறும் நாடு, அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் அனுமதி.

1930 பிப்ரவரி 27 அன்று தன் பத்திரிகையான யங் இந்தியாவில் அவர் வெளியிட்ட விதிகளில், கோபப்படக் கூடாது, அடிக்குத் திருப்பி அடிக்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத சில உண்டு. கூட்டத்தில் யாராவது ஓர் அதிகாரியை அடிக்க வந்தால், சத்தியாகிரகி தன் உயிரைக் கொடுத்தாவது அந்த அதிகாரியைக் காக்க வேண்டும். தன்வசம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட சொத்தைப் போலீஸ் பறிக்க வந்தால், திருப்பித் தாக்காமல், ஆனால் உயிர் போகும் வரை விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும். சிறைக்குப் போகிறவர் தன் குடும்பத்துக்கு இயக்கத்திலிருந்து ஜீவனப் பணம் எதிர்பார்க்கக் கூடாது. கடைசி விதி கொடுமையாகத் தெரியும். ஆனால் 60,000 பேருக்கு மேல் சிறை போன ஒரு வருடத்தில், அத்தனை குடும்பங்களுக்கும் படியளக்க எந்த இயக்கத்தாலும் முடியாது. கொடுக்க முடியாததைக் கொடுப்போம் என்று சொல்லி ஆள் சேர்க்காமல் முன்கூட்டியே சொல்லிவிட்டது நேர்மை.

நடைப்பயணத்தில் முக்கால்வாசி வேலை சாப்பாடும் தங்குமிடமும்தான். தண்டிப் பயணத்தில் குஜராத் வித்யாபீட மாணவர்கள் 'அருண் துக்டி' என்ற முன்னோடிப் படையாக ஒவ்வொரு ஊருக்கும் முதலிலேயே போய்விடுவார்கள். இடம் பார்ப்பது, கழிப்பிடக் குழி வெட்டுவது மட்டுமல்ல. அந்த ஊர் ஜனத்தொகை, ராட்டைகள் எத்தனை, உப்பு எவ்வளவு செலவாகிறது என்பதெல்லாம் குறித்துக் காந்தி வருமுன் கையில் கொடுப்பார்கள். அவர் மேடையேறி அந்த ஊரின் கணக்கை அந்த ஊருக்கே சொல்வார். இத்தனை ஏற்பாட்டிலும் பிசகு நேர்ந்தது. மார்ச் 29 அன்று பட்காம் என்ற ஊரில், தொண்டர்களுக்காக சூரத்திலிருந்து பால் வரவழைக்கப்பட்டதும், இரவு நடைக்கு வெளிச்சம் காட்ட ஒரு கூலியாள் தலையில் 'கிட்சன்' என்ற கனத்த மண்ணெண்ணெய் விளக்கைச் சுமந்து நடந்ததும் காந்தி கவனத்துக்கு வந்தன. அன்றைய கூட்டத்தில் ஆங்கிலேயரை விட்டுவிட்டுத் தன் ஆட்களையே போட்டு வாங்கினார். மக்கள் காசில் இப்படி வாழ்ந்துகொண்டு வைசிராய் சம்பளத்தைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்பது அவர் கேட்டதன் சாரம். தலைமையைப் பற்றி ஒரே ஒரு காட்சி சொல்லுங்கள் என்றால், உப்பை அள்ளிய காட்சிக்கு முன்னால் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

வேதாரண்யப் பயணத்தில் சாப்பாடு தானே போராட்டமாக மாறியது. தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் ஜே.ஏ. தார்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களை அடித்தால் பேர் கெடும். நடப்பவர்களுக்கு இடமும் சோறும் கொடுக்கிறவர்களை மிரட்டினால் நடை தானாக நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார். இந்தியத் தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவின்படி, சட்டவிரோதக் கூட்டத்துக்கு ஆட்களை வைத்துப் புகலிடம் கொடுப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். இதைச் சுட்டிக்காட்டித் துண்டறிக்கை, பத்திரிகை, தண்டோரா என்று எல்லா வழியிலும் எச்சரிக்கை போனது.

இரண்டு விளைவுகள் உண்டாயின, இரண்டும் தார்ன் எதிர்பாராதவை. தண்டோராவே பயணத்துக்கு விளம்பரம் ஆயிற்று. எந்த ஊருக்கு எப்போது படை வருகிறது என்று சர்க்கார் செலவில் ஊருக்குத் தெரிந்தது. அடுத்தது, வீட்டு வாசலுக்கு வந்தவனுக்குச் சோறு போடாதே என்ற உத்தரவு அடிமடியில் கைவைப்பதாக இருந்தது. சுயராஜ்யம் என்றால் என்னவென்று தெரியாத வீட்டுக்கும், விருந்தினருக்குச் சோறு போடுவது குற்றம் என்றால் என்னவென்று தெரியும். அதுவும் காவிரிக் கரையில்! சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கின. ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறும் இடங்களில் சாப்பாட்டுப் பாத்திரங்களை மணலில் புதைத்து, மேலே அடையாளம் வைத்துவிட்டுப் போனார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால், யாரும் கொடுக்கவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் இந்த ஒளிவு மறைவு எதுவும் இல்லாமல் தன் வீட்டிலேயே தங்கவைத்து விருந்து போட்டார். ஆறு மாதம் சிறை கிடைத்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களே ரகசியமாக உதவிய இடங்களும் உண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மரத்தில் கட்டிய பொட்டலமும் பந்துலு ஐயரின் விருந்தும் ஒரே காரியத்தைச் செய்தாலும் இரண்டும் இரண்டு நிலை. சிறைக்குத் தயாராக இல்லாத ஆயிரம் பேர் பொட்டலம் கட்டலாம். சிறைக்குத் தயாரான ஒருவர் வாசல் கதவைத் திறந்து வைக்கலாம். நல்ல தலைமை இரண்டு வகையினருக்கும் இடம் வைத்திருக்கும். எல்லோரும் சிறைக்கு வா என்றால் முதல் வாரத்திலேயே ஆள் தீர்ந்துவிடும். யாரும் வெளிப்படையாக வராவிட்டால் அது திருட்டு வேலையாகி, சட்டத்தை மீறுவதன் தார்மீக பலம் போய்விடும்.

பாட்டையும் விட்டுவிடக் கூடாது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இந்தப் பயணத்துக்கென்றே எழுதிய நடைப்பாட்டைத் தொண்டர்கள் வழி முழுக்கப் பாடினார்கள். பத்து மைல் நடக்கிறவனுக்குப் பாட்டு காலுக்குத் தாளம். தூரத்தில் இருக்கிற ஊருக்குப் படை வருகிறது என்ற சேதி.

ஏப்ரல் 30 விடிகாலையில் ராஜாஜி ஒரு சிறு குழுவோடு அகத்தியம்பள்ளி உப்பளப் பகுதிக்குப் போய் உப்பை அள்ளினார். கைது. ஆறு மாதக் கடுங்காவல், 200 ரூபாய் அபராதம். நினைவுத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. பாடப்புத்தகம் இதோடு முடிந்துவிடும், ஆனால் போராட்டம் அன்றுதான் தொடங்கியது. மறுநாளும் அடுத்த நாளும் தொண்டர்கள் அணி அணியாகப் போய் அள்ளினார்கள். போலீஸ் மூடிய கையைத் திறக்க வைக்க அடித்தது. கையைத் திறக்க மறுத்தார்கள். ருக்மிணி லட்சுமிபதிக்கு ஒரு வருடச் சிறை. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்ணாக அவரைச் சொல்வார்கள். வேதரத்தினம் பிள்ளையையும் கைது செய்து, சொத்தைப் பறிமுதல் செய்தார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். தலைவர் போனால்? பதில் அன்றைய காங்கிரஸ் வழக்கில் ஒரே சொல்: சர்வாதிகாரி. இன்று கேட்கக் காதுக்கு நன்றாக இல்லாத சொல். கமிட்டி கூடித் தீர்மானம் போட நேரமில்லாத காலத்தில், முழு அதிகாரமும் ஒருவரிடம் இருக்கும். அவர் கைதாகுமுன் அடுத்தவர் பெயரைச் சொல்லிவிடுவார். அவர் போனால் அதற்கடுத்தவர். மே 5 நள்ளிரவில் காந்தியைக் கைது செய்ததும் அப்பாஸ் தயாப்ஜி பொறுப்பேற்றார். அவரும் கைதாக, சரோஜினி நாயுடு. மே 21 அன்று குஜராத்தில் தாராசனா உப்புக் கிடங்கை நோக்கிச் சுமார் 2,500 தொண்டர்களோடு போனவர் அவர்தான்.

தாராசனாவில் இந்தத் தயாரிப்பைக் கிட்டத்தில் பார்க்கலாம். கிடங்கைச் சுற்றி முள்கம்பியும் தண்ணீர் நிரம்பிய அகழியும். தொண்டர்கள் ஒரே திரளாகப் பாயவில்லை. ஓர் அணி நகரும், அடி வாங்கி விழும். முழு அணியும் விழுந்த பிறகுதான் தூக்குப் படுக்கைக்காரர்கள் உள்ளே போய் ஒவ்வொருவராகத் தூக்கி வருவார்கள். அவர்கள்மேல் போலீஸ் கை வைக்கவில்லை. அதற்குள் அடுத்த அணி தயாராகும். படுக்கைகள் போதவில்லை; கம்பளிகளைத் தூக்குப் படுக்கையாக்கினார்கள். கூரை போட்ட தற்காலிக மருத்துவமனையில் 320 பேர் அடிபட்டுக் கிடந்ததைத் தானே எண்ணியதாக அமெரிக்க நிருபர் வெப் மில்லர் எழுதினார், இருவர் இறந்திருந்தார்கள். உப்புக் கிடங்கு கைக்கு வரவில்லை, ஒரு மூட்டை உப்புகூட வெளியே வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்த பிறகு, அரசாங்கத்தின் நியாயத்தைப் பேசுவது அதன் நண்பர்களுக்கே கஷ்டமாயிற்று. வெளிநாட்டு நிருபர் ஒருவர் அன்று அங்கே இருந்ததை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் வாங்கிய அடி வேதனை மட்டும்தான்.

இனி, எதிர்ப்பக்கத்து ஆட்கள். இந்திய சிவில் சர்வீஸ் எனப்பட்ட ஐ.சி.எஸ். உயர் அதிகாரிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர் இவ்வளவு பெரிய நாட்டை ஆண்டது, இந்தியர்களே கணக்கெழுதி, காவல் நின்று, சுடச் சொன்னால் சுட்டதால்தான். அந்தக் கீழ்ப்படிதல் தளர்ந்தால் மேலே உள்ளவர் எவ்வளவு வலுவானவராக இருந்தும் பயனில்லை. பெஷாவரில் கான் அப்துல் கஃபார் கானின் செஞ்சட்டைத் தொண்டர்கள் எதிரே நின்றபோது, சந்திர சிங் கட்வாலியும் அவருடைய படைப்பிரிவினரும் சுட மறுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நீண்ட சிறைத் தண்டனையைப் பார்த்தாலே அரசாங்கம் எதற்குப் பயந்தது என்று தெரியும். தஞ்சாவூரில் அப்படிப் படைக்கலகம் எதுவும் இல்லை. ஆனால் தார்ன் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், அரசாங்கத்தின்மீது மக்களுக்கு எப்போதாவது ஆழ்ந்த பற்று இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருள்பட எழுதினார். வழி நெடுக மிரட்டிப் பார்த்தவரே கொடுத்த சான்று அது.

அந்தப் பற்று எப்படிச் செத்தது என்பதற்கு வேதாரண்யத்து வைரப்பன். நாவிதர். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதியில் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் போனது. மீதியைச் செய்துவிடு, விட்டுவிடுகிறோம் என்றபோதும் மறுத்தார். ஆறு மாதம் சிறை. ஊரில் அவருக்கு நினைவுத் தூண் உண்டு. வக்கீலும் மிராசுதாரும் செய்த தியாகத்துக்கு மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும். அன்றாடம் கத்தி பிடித்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவர் கத்தியைக் கீழே வைத்ததை அதற்கு ஒரு படி மேலே வைக்க வேண்டும்.

இதில் கத்திமேல் நடப்பது போன்ற ஒரு சிக்கலும் உண்டு. சர்க்கார் ஊழியரைச் சமூகப் பகிஷ்காரம் செய்வது எளிதில் கைமீறும். உணவும் தண்ணீரும் மருத்துவமும் யாருக்கும் மறுக்கக் கூடாது என்பதில் காந்தி கண்டிப்பாக இருந்தார். சேவையை மறுப்பதும் உயிர்த்தேவையை மறுப்பதும் ஒன்றல்ல. இந்தக் கோடு அழிந்த ஊர்களில் பழைய ஊர்க்கட்டுப்பாட்டின் கொடுமை தேசபக்தி வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிடும்.

ஊர் முழுக்க ஒன்றாக நின்ற உதாரணம் வேண்டுமென்றால் 1928இல் குஜராத்தின் பர்தோலி. நிலவரியை 22 சதவீதம் ஏற்றியதை எதிர்த்து வல்லபாய் படேல் நடத்தியது. தாலுகாவைப் பல முகாம்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், தினம் ஒரு செய்தித்தாள், ஜப்தி அதிகாரி வந்தால் ஊரை எச்சரிக்க முரசு. மாடுகளை ஓட்டிப்போய்விடுவார்கள் என்று மாதக்கணக்கில் எருமைகளோடு கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தார்கள். கடைசியில் விசாரணைக்குப் பின் ஏற்றம் 6.03 சதவீதமாகக் குறைந்தது. ஒரே கோரிக்கை, அதுவும் எண்ணால் அளக்கக்கூடியது, என்பதால் எங்கே நிறுத்துவது என்பதில் குழப்பமில்லை.

எங்கே பிசகியது என்றும் சொல்லியாக வேண்டும். அரசாங்கமும் பாடம் படித்தது. 1932இல் இயக்கம் மறுபடி தொடங்குமுன்பே, ஜனவரி 4 அன்று காந்தியைப் பிடித்தார்கள்; அவசரச் சட்டங்கள் தயாராக இருந்தன; காங்கிரஸ் கமிட்டிகள் சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள்; சொத்துப் பறிமுதலை முன்னால் வைத்தார்கள். சிறைக்கு அஞ்சாதவரும் பிள்ளைகளின் நிலம் போவதற்கு அஞ்சுவார். 1930இல் திருச்சிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கிடைத்த பதினைந்து நாள் அவகாசம் அப்போது யாருக்கும் கிடைக்கவில்லை.

1942 இன்னும் மோசம். ஆகஸ்ட் 8 இரவு 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. 9ஆம் தேதி விடியுமுன் தலைவர்கள் எல்லோரும் உள்ளே. என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது என்ற விதிமுறை ஊர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. தந்திக் கம்பியை வெட்டினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். திருச்செந்தூர் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் அந்தச் செப்டம்பரில் நடந்ததும் ஓர் உப்பளத்தில்தான். இரவில் அங்கே நுழைந்த கூட்டத்தின் கையில் உப்புத்துறை அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. வேதாரண்யத்துக்கும் குலசேகரப்பட்டினத்துக்கும் நடுவே பன்னிரண்டு வருடம். தேசபக்தியில் அந்த இளைஞர்கள் ஒரு குன்றிமணி அளவும் குறைந்தவர்கள் அல்ல. பயிற்சி கொடுக்க, முன்னால் நடக்க, நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை.

கிடைத்தது என்ன? 1931 மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் உப்பு வரி போகவில்லை. உப்பு விளையும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் தங்கள் வீட்டுக்கும், தங்கள் ஊருக்குள் விற்கவும் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே விற்கக் கூடாது. அவ்வளவுதான். வன்முறை வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள் விடுதலையாகவில்லை. பகத்சிங்கும் தோழர்களும் அதே மாதம் 23ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். பறிமுதல் செய்து மூன்றாம் நபருக்கு விற்ற சொத்துகள் திரும்பி வராது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருந்தது. பலருக்கு மனம் ஆறவில்லை, ஆறாததில் நியாயமும் இருந்தது. உப்பு வரி எடுபட்டது 1947இல்.

வேதரத்தினம் பிள்ளை 1946இல் வேதாரண்யத்திலேயே பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார்.